பானா விரதம்

கண்டியில் பட்டுச்சேலை விற்கிற ஒருத்தி, 'ப' என்ற எழுத்து வாயில் வராமல் ஒரு பகல் முழுக்க வியாபாரம் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவள் கிருஷாந்தி. காட்டியதோடு நின்றிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு எழுத்தினால் அவளுடைய அம்மாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்து, அப்பா அந்நிய ஆளாகி, கைக்கு வந்த மாப்பிள்ளையும் போனான். விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

கிருஷாந்திக்கு ஊர் பிலிமத்தலாவை. கொழும்பு வீதியோரம் சின்னத் தையல் கடை வைத்திருக்கும் திருச்செல்வத்துக்கும் வடிவம்மாவுக்கும் ஒரே மகள். காலையில் கண்டி பஸ்ஸில் ஏறினால் பேராதனை வருவதற்குள் முன் சீட், பின் சீட், கண்டக்டர் எல்லோரோடும் பேசி முடித்திருப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு இருந்த வாய்க்கு நாலு பிள்ளைகள் பிழைக்கலாம்.

எழுத்தைத் தவிர்த்துப் பேசும் பைத்தியம் பள்ளிக்கூடத்தில் பிடித்தது. தமிழ் டீச்சர் ஒரு நாள் இதழகல் என்று ஒரு செய்யுள் வகையைச் சொல்லிக் கொடுத்தார். உதடும் உதடும் ஒட்டாமல், குவியாமல் பாடி முடிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் அதைப் பரீட்சையோடு மறந்தார்கள். கிருஷாந்தி வீட்டுக்குக் கொண்டு போனாள். மாலையில் பின்கதவுப் பக்கம் நின்று, "தாயே, இட்டலி தா" என்று குரல் கொடுத்தாள். 'அம்மா' என்று கூப்பிட்டால் உதடு ஒட்டிவிடுமே! யாரோ பிச்சைக்காரி வந்திருக்கிறாள் என்று தட்டோடு ஓடி வந்த வடிவம்மா, பெற்ற மகளைக் கண்டதும் அகப்பையால் ஒன்று வைத்தார். 'ஐயோ' என்று கத்தினால் உதடு குவியும். அதனால் அவள் 'ஆ' என்று மட்டுமே அழுதாள்.

அந்தப் பைத்தியம் கொஞ்ச காலம் தூங்கிக் கிடந்தது. அதைத் தட்டி எழுப்பியது மின்வெட்டு. நாட்டில் எண்ணெயும் இல்லை, கரண்டும் இல்லை என்று கிடந்த அந்த நாட்களில் துணிக்கடைக்கு யார் வருவார்கள்? இருட்டுக் கடையில் பட்டுப் பிரிவில் கிருஷாந்தியும், எதிரே சட்டையும் இடுப்பில் கட்டும் சாரமும் விற்கும் பிரிவில் ரிஸ்மியும் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தார்கள். ரிஸ்மி கட்டுகஸ்தோட்டைப் பையன், கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. ஆனாலும் விளையாட்டென்றால் அவனே குழந்தையாகிவிடுவான். இருவரும் சேர்ந்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எழுத்துகளைத் துண்டுத் தாள்களில் எழுதிப் போட்டார்கள். காலையில் முதலாளி சாமிக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும் ஒரு துண்டு எடுப்பார்கள். அன்று முழுக்க அந்த எழுத்து, அதன் குடும்பம், குட்டி ஒன்றும் வாடிக்கையாளர் முன்னால் வாயில் வரக்கூடாது. எழுத்து விரதம் என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். விரதத்தை முறித்தவர், கடை மூடும்போது குலைந்து கிடக்கும் துணி அத்தனையையும் மடித்து வைக்க வேண்டும். துணிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று.

கரண்ட் வந்தது, ஆட்களும் வந்தார்கள். விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. சானா வந்த நாளில் ரிஸ்மி கடை திறந்த கையோடு விழுந்தான். வந்தவர் சட்டை கேட்க, "சைஸ் என்ன?" என்று கேட்டுவிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். கிருஷாந்தியோ அன்று சிவப்பைக் குங்கும நிறமென்றும், மஞ்சளை மாம்பழ நிறமென்றும், பச்சையைக் கிளி நிறமென்றும் சொல்லி அந்தி வரை நின்றாள். யாழ்ப்பாணத்துக்காரரான முதலாளி பொன்னுத்துரை தூர இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளை வடிவாக் கதைக்குது, ஆக்களும் எடுத்துக்கொண்டு போகினம்" என்று மெச்சினார். பாவம், மனுசன் அதை வியாபாரத் திறமை என்று நினைத்தார்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாக நாள் போனதில் கிருஷாந்திக்கு வயது முப்பத்தொன்றாகியிருந்தது. வந்த சம்பந்தங்கள் வந்த வழியே போயின. ஒன்று அரசாங்க வேலை கேட்டது. ஒன்று, பெண் கண்ணாடி போட்டிருக்கிறாளே என்று இழுத்தது. வடிவம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலைச் சுற்றினார். கிருஷாந்தி, "அம்மா, பிள்ளையாருக்கே தலை சுத்தும், விடுங்க" என்பாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

அந்த நேரத்தில்தான் தரகர் கிறகரி ஒரு போட்டோவோடு வந்தார். கிறகரி கத்தோலிக்கர். ஞாயிறு பூசை தவறமாட்டார். திங்கள் விடிந்தால் சைவப் பிள்ளைகளின் ஜாதகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைவார். செவ்வாய் தோஷத்தில் ஐயருக்குச் சந்தேகம் வந்தால் இவரிடம் கேட்பார் என்று ஒரு பேச்சு உண்டு. போட்டோவில் இருந்தவன் சுதேஷ். குண்டசாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அத்தை சீதா. ஜாதகம் பொருந்தியது. அத்தைக்கு மனம் பொருந்த வேண்டியதுதான் பாக்கி.

கண்ணாடி போட்டவளை வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரே மாப்பிள்ளை இவன்தான் என்று கிருஷாந்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு போட்டோவை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க முறையாக வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு முறை ஒளித்துப் பார்ப்பது வழக்கம். கோயிலில் பார்ப்பார்கள், பஸ் நிலையத்தில் பார்ப்பார்கள், வேலை செய்யும் இடத்துக்கே போவார்கள். பெண் போய் மாப்பிள்ளையை ஒளித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. கிருஷாந்தி அதை ஏற்படுத்தினாள்.

ஒரு லீவு நாளில் குண்டசாலை பஸ்ஸில் ஏறி, போகும் வழியில் தன் கண்ணாடியின் திருகைக் கொண்டை ஊசியால் தானே தளர்த்திக்கொண்டு அந்தக் கடைக்குள் போனாள். சுதேஷ் திருகை முடுக்கினான், கண்ணாடியைத் துடைத்தான், இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். "இப்ப நல்லாத் தெரியுதாங்க?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தபடி, "ரொம்ப நல்லாத் தெரியுதுங்க" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் யாரோடும் பேசவில்லை. பேசினால் சிரித்துவிடுவாள் என்று பயம். இவன்தான், வேறு யாரும் வேண்டாம் என்று மகாவலிப் பாலம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த வாரம் டின்னுக்குள் கைவிட்ட ரிஸ்மி துள்ளிக் குதித்தான்.

"இன்டைக்கு பானா! பட்டு விக்கிற ஆளுக்கு பானா! கிருஷா, இன்டைக்கு துணி மடிக்கிறது நீதான். எழுதி வச்சிக்க."

பட்டு என்று சொல்ல முடியாது, பாருங்க என்று சொல்ல முடியாது, எப்படி, அப்படி, இப்படி ஒன்றும் முடியாது. கிருஷாந்திக்கு அன்று பிறந்தநாள் மாதிரி இருந்தது. பகல் சாப்பாட்டு நேரம் வரை ஒரு பானாவும் நழுவவில்லை. ரிஸ்மி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் ஐம்பது தாண்டிய ஒரு அம்மா தனியாக வந்து பட்டுப் பிரிவில் உட்கார்ந்தார். கையில் குடை, கழுத்தில் தடித்த சங்கிலி, ஆளை அளக்கிற கண்.

"வாங்க ஆன்ட்டி, உட்காருங்க. கல்யாணத்துக்கா, வேற விசேஷத்துக்கா?" என்றாள் கிருஷாந்தி.

"கல்யாணம் மாதிரிதான். நல்ல பட்டா ஒண்ணு காட்டும்மா."

"இதைக் கொஞ்சம் கண்ணால தடவுங்க ஆன்ட்டி. காஞ்சியில தறியில நெய்தது. கட்டிக்கிட்டு உட்கார்ந்தீங்கன்னா எல்லார் கண்ணும் உங்க மேலதான்."

"பச்சையில இருக்கா?"

"இருக்கு. வாழை இலைக் கலர், கிளிக் கலர், தேயிலைக் கொழுந்துக் கலர். எது வேணும்?"

அந்த அம்மா சேலையை விட்டுவிட்டு இவளையே பார்த்தார். எதிர்ப் பிரிவில் ரிஸ்மி ஒரு சாரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து காதை நீட்டினான்.

"ஒனக்கு எந்த ஊரும்மா?"

பிலிமத்தலாவை! சொந்த ஊரே பானாவில் அல்லவா தொடங்குகிறது! கிருஷாந்தி கண் இமைக்கவில்லை. "கடுகண்ணாவை ஏத்தத்துக்கு முன்னால ஒரு டவுன் ஆன்ட்டி."

"அந்த டவுனுக்குப் பேரு இல்லியா?"

"இருக்கு. நீளமா இருக்கும்."

"ஓ. வயசு என்ன?"

முப்பது, முப்பத்தொன்று, இரண்டிலும் பானா. "கல்யாண வயசுதான் ஆன்ட்டி" என்று சிரித்தாள்.

"அப்பா என்ன செய்யிறாரு?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எவளும் ஒரு நொடி திணறுவாள். கிருஷாந்தி திணறவில்லை. "அம்மாவோட வீட்டுக்காரர் தையல் கடை வச்சிருக்காரு" என்றாள்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒன்னைய நல்லா வச்சுக்கிறாராம்மா?" என்று கேட்டார்.

"தங்கமா வச்சிருக்காரு ஆன்ட்டி."

அவர் கண் கலங்கியது. கிருஷாந்தியின் கன்னத்தை ஒரு தடவை தொட்டார். சேலை எதுவும் எடுக்காமல், குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சாரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த ரிஸ்மி கையெடுத்துக் கும்பிட்டான். அன்று மாலை துணியெல்லாம் அவன்தான் மடித்தான். கிருஷாந்தி ஒரு கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மடிப்பு சரியில்லை என்று குறை சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துக் கிறகரி பிலிமத்தலாவைக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை.

"வடிவம்மா அக்கா, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீதாம்மா கடைக்கே போய்ப் பொண்ணோட பேசிட்டு வந்துட்டாங்க. பொண்ணு வயசை மறைக்குதாம், ஊரை மறைக்குதாம். அதைக்கூட விடலாம். ஒங்களுக்கு இது ரெண்டாவது கல்யாணம்னு ஏன் மறைச்சீங்க?"

வடிவம்மா உலையில் போட அரிசி களைந்துகொண்டிருந்தார். அப்படியே எழுந்தார். "என்ன சொன்னீங்க?"

"அவரு பொண்ணுக்குச் சொந்தத் தகப்பன் இல்லையாமே. பொண்ணு வாயாலயே சொல்லிருக்கு, அம்மாவோட வீட்டுக்காரர்னு. தப்பு ஒண்ணும் இல்லக்கா, வாழ்க்கைன்னா அப்படித்தான். ஆனா ஒளிச்சது தப்புன்னு அந்தம்மா சொல்றாங்க. இந்தச் சம்பந்தம் வேணாமாம்."

"அடப் பாவி மனுசா! இந்த ஒருத்தரைக் கட்டினதுக்கே நான் படுற பாடு போதாதா? இன்னொருத்தரையும் கட்டினேன்னு சொல்றியே!" என்று வடிவம்மா அரிசிச் சட்டியோடு பாய்ந்தார். கிறகரி தன் கட்சிக்காரர்களின் ஜாதகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் கேற் வரை ஓடினார். கடையிலிருந்து சாப்பிட வந்த திருச்செல்வம், விஷயத்தையும் மகள் சொன்ன விரதக் கதையையும் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் கல்யாணத்தைக் கெடுத்தவள் இந்தக் கண்டி மாவட்டத்திலேயே தன் மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்றார்.

கிருஷாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. சுதேஷ் போய்விட்டான். இரண்டு கையால் கண்ணாடியை நீட்டியவன், ஒரு எழுத்துக்காகப் போய்விட்டான். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதாள்.

திருச்செல்வம் அதை வேடிக்கையாகவே வைத்திருந்தார். சாப்பாட்டு வேளையில், "அம்மாவோட வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் கெடைக்குமா?" என்பார். வீட்டுக்குள் வரும்போது, "அம்மாவோட வீட்டுக்காரர் வரலாமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றுவார். வடிவம்மாகூடச் சிரிக்கத் தொடங்கினார். ஒரு மாலை கிருஷாந்தி அவருக்குத் தேத்தண்ணி கொண்டு தையல் கடைக்குப் போனாள். காற்சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்த ஒருவர், "இது ஒங்க மகளாங்க?" என்று கேட்டார். திருச்செல்வம் மெஷினிலிருந்து தலையை எடுக்காமல், "வீட்டுக்காரியோட மகளுங்க" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. சிரிக்க மறந்துவிட்டார் என்றுதான் கிருஷாந்தி முதலில் நினைத்தாள். மறுநாள் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெற்று, வளர்த்து, சம்பந்தம் தேடி அலைந்த மனுசனை, துணி மடிக்கிற பஞ்சியில், அந்தச் சோம்பலில், யாரோ ஆக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த பௌர்ணமி, போயா நாளில் கடை லீவு. கிருஷாந்தி காலையிலேயே உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். "நான் குண்டசாலைக்குப் போயி அந்தம்மாகிட்ட நேராச் சொல்லப் போறேன்" என்றாள்.

"பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதா? ஊர் சிரிக்கும்டி!" என்றார் வடிவம்மா.

"ஊர் ஏற்கெனவே சிரிச்சிருச்சும்மா."

திருச்செல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அம்மாவோட வீட்டுக்காரரும் வர்றேன்" என்றார். சாட்சிக்கு ரிஸ்மியையும் கண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அவன் அந்த பிஸ்கட் டின்னைக் கையோடு கொண்டு வந்திருந்தான்.

கதவைத் திறந்தவன் சுதேஷ். கிருஷாந்தியைக் கண்டதும், "திருகு மறுபடியும் தளர்ந்துருச்சாங்க?" என்று கேட்டான். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு ஆட்களையும் டின்னையும் பார்த்து வாயை மூடிக்கொண்டான். உள்ளேயிருந்து வந்த சீதா அத்தைக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. வீடு தேடி வந்தவர்களை வெளியே நிறுத்துவது முறையில்லை என்பதால் உட்காரச் சொன்னார். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று முகத்துக்காகக் கேட்டார்.

"இருக்கட்டும்மா" என்றார் திருச்செல்வம். சம்பந்தப் பேச்சு முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது இரு பக்கமும் அறிந்த வழக்கம். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

கிருஷாந்தி எல்லாவற்றையும் சொன்னாள். மின்வெட்டு, டின், விரதம், துணி மடிப்பு ஒன்றும் விடவில்லை. ரிஸ்மி டின்னைத் திறந்து காட்டினான். "சத்தியமாச் செல்றன் மாமி, அன்டைக்கு பானா. நான்தான் எடுத்த. இவட வாப்பா இவர்தான், சொந்த வாப்பா" என்றான்.

சீதா அத்தை ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். "கதை நல்லாத்தான் இருக்கு. பிழைக்கிற வாயி வேற. இதை நான் எப்படி நம்புறது?" கொஞ்சம் யோசித்தார். பிறகு சுதேஷிடம், "டேய், கேத்தலை அடுப்புல வை" என்றார். கிருஷாந்தி பக்கம் திரும்பினார். "அந்தக் கேத்தல் கொதிச்சு விசில் அடிக்கிற வரைக்கும் நாங்க கேக்குறதுக்கெல்லாம் ஒரு பானா இல்லாம பதில் சொல்லு. சொல்லிட்டா நீ சொன்னதெல்லாம் நெசம், பேச்சுக்கு வர்றேன். ஒரு பானா வந்துச்சோ, எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்துவேன்."

வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாட்டில் ஒரே செடியை மூழ்கடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுல வந்தீங்க?" என்று தொடங்கினார் அத்தை.

"கண்டி வரைக்கும் ஒரு வண்டி. அங்க இருந்து த்ரீவீலர்."

"என்னென்ன சமைப்ப?"

"சோறு, ரசம், கத்தரிக்காய்க் கறி, கோழிக் கறி, மாசிச் சம்…" சம்பலில் பானா! அவள் நாக்கு அந்தரத்தில் நின்றது. ரிஸ்மி கண்ணை மூடிக்கொண்டான். "மாசி இடிச்சது" என்று முடித்தாள்.

"பருப்பு?"

"அதுவும் நானும் நெருங்கின சொந்தம். ஆனா இன்னிக்கு அது கூட கோவம்."

சுதேஷ் அடுப்படி வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். அத்தைக்கும் உதட்டோரம் துடித்தது, அடக்கிக்கொண்டார். "வயசு?"

"ஜாதகத்துல வாசிச்சீங்கதானே, அதேதான்."

"அத்தை, இது ரொம்ப லேசு மாதிரி இருக்கே, நீங்களும் பானா இல்லாம கேளுங்க பார்ப்போம்" என்றான் சுதேஷ்.

"ஏன், என்னால முடியாதா? இப்பப் பாரு!" என்ற அத்தை அங்கேயே விழுந்தார். ரிஸ்மி விரல் விட்டு எண்ணிக் காட்டினான். அத்தைக்கு ரோசம் வந்து இன்னொரு தடவை தொடங்கி, "அப்ப" என்றதும் மறுபடி விழுந்தார். திருச்செல்வமும் சிரித்தார். கோபத்தோடு வந்து உட்கார்ந்த வீடு இப்படிக் குலுங்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. கேத்தல் மெல்ல முனகத் தொடங்கியிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றான் சுதேஷ். காது சிவந்திருந்தது. "அன்னிக்கு எங்க கடைக்கு எதுக்கு வந்தீங்க?"

"கண்ணாடித் திருகு தளர்ந்து கிடந்துச்சு."

"கண்டியில கண்ணாடிக் கடையே இல்லியா?"

"நிறைய இருக்கு. அங்க நீங்க இல்லை."

ரிஸ்மி டின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். அத்தை, "அடி ஆத்தி!" என்று நெஞ்சில் கை வைத்தார். கிருஷாந்தி தன்னுடைய துணிச்சலைக் கண்டு தானே நடுங்கினாள். ஆனாலும் சந்தோசம் தலைக்கேறிக் கிறுகிறுத்தது. கேத்தல் குலுங்கியது. இன்னும் ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு. சுதேஷ் கையெட்டும் தூரத்தில் நின்றான்.

சீதா அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். கதிரை நுனியில் இருந்த திருச்செல்வத்தைக் கையால் காட்டினார்.

"இவரு யாரு?"

அதற்கும் கிருஷாந்தியிடம் விடை இருந்தது. ஒன்றல்ல, கூடை நிறைய இருந்தது. திருச்செல்வம் என்ற பெயரிலேயே பானா இல்லை. என்னை வளர்த்தவர் என்றாலும் ஆகும், எங்க வீட்டு ஐயா என்றாலும் ஆகும். அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். தையல் கடையில் வராத சிரிப்பை இப்போது வலிந்து வரவழைத்திருந்தார். "சொல்லும்மா, அம்மாவோட வீட்டுக்காரர்னே சொல்லு. எனக்கு ஒண்ணுமில்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

கிருஷாந்தி ஒரு தடவை அடுப்படியைப் பார்த்தாள், ஒரு தடவை சுதேஷைப் பார்த்தாள்.

"எங்க அப்பா" என்றாள்.

கேத்தல் இன்னும் விசில் அடிக்கவில்லை.

"எங்க அப்பா. பேரு திருச்செல்வம். பிலிமத்தலாவையில பொறந்து, பிலிமத்தலாவையில வளர்ந்து, அங்கேயே என்னையப் பெத்த அப்பா. எனக்கு முப்பத்தொண்ணு. பருப்பு சமைப்பேன், பப்படம் பொரிப்பேன், பாயசம் வைப்பேன். போட்டியில தோத்தா தோத்துட்டுப் போறேன், எங்க அப்பாவை இன்னொரு தடவை நான் வேற பேரு சொல்லிக் கூப்பிடமாட்டேன்!" அடைத்து வைத்திருந்த பானாக்களெல்லாம் மூட்டை அவிழ்ந்த உருளைக்கிழங்கு போல உருண்டு வந்தன. சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. திருச்செல்வம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் ஆடியது.

அப்போதுதான் கேத்தல் விசில் அடித்தது.

சீதா அத்தை சொன்ன சொல் தவறாதவர். கதிரையை விட்டு எழுந்தார். விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். வந்தவர்கள் மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள்.

"குடும்ப விசயம் பேசுறப்ப அவ என்னத்துக்கு எட்டி எட்டிப் பாக்குறா?" என்றார். கிருஷாந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முந்தானையால் அவளுடைய கண்ணைத் துடைத்தார். "இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்தத் தேயிலைக் கொழுந்துக் கலரை அப்பவே எடுத்திருப்பேனேடி. டேய் சுதேஷ், தேத்தண்ணி எங்க?"

பெண் பார்க்கும் வீட்டில் பெண் தேத்தண்ணி கொண்டு வருவாள். இங்கே மாப்பிள்ளை கொண்டு வந்தான், அதுவும் கோப்பை கடகடவென்று ஆட. நேரே திருச்செல்வத்திடம் போய் இரண்டு கையாலும் நீட்டினான்.

திருச்செல்வம் உடனே வாங்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். வாங்கி, சூடு பார்க்காமல் ஒரு மிடறு பெரிதாக விழுங்கினார்.

"சீனி போதுமா மாமா?" என்று கேட்டான் சுதேஷ்.

"போதும் மாப்பிள்ளை, போதும்" என்றார் திருச்செல்வம். அவசரத்தில் அவன் சீனியே போட்டிருக்கவில்லை.